இரவு 11 மணிச் செலவுகள்

அடுத்தவர் கணக்கைச் சரிபார்ப்பது என் தொழில். 18 வருடமாக ஒரு தணிக்கை அலுவலகத்தில் உட்கார்ந்து, செலவுச் சீட்டான வவுச்சரையும் கணக்குப் புத்தகமான பேரேட்டையும் அருகருகே வைத்து டிக் அடித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு நிறுவனத்தின் ‘இதரச் செலவுகள்’ கொஞ்சம் பருத்துத் தெரிந்தாலே எனக்கு மூக்கில் வேர்த்துவிடும். அப்படிப்பட்ட நான் என் வீட்டுக் கணக்கை ஒரு நாளும் எழுதியதில்லை. மனசுக்குள்ளேயே ஒரு கணக்கு ஓடும். அதில் எப்போதும் நான் சிக்கனக்காரி.

மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு மாலை என் கிரெடிட் கார்டு அறிக்கையை முழுசாகத் திறந்து படித்தேன். படித்தேன் என்பதே பெரிய விஷயம். அதற்கு முன்பு பல மாதங்களாக ‘குறைந்தபட்சத் தொகை’ (அந்த மாதம் கட்டியே ஆக வேண்டிய சிறு பங்கு) என்ற ஒரே ஒரு வரியைப் பார்ப்பேன், அதைக் கட்டுவேன், மூடிவிடுவேன். தவறாமல் கட்டுகிறேன் என்று எனக்குள் ஒரு பெருமை வேறு.

அன்று காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டேன். மாதம் 3 சதவீத வட்டி. நிலுவையில் 5 சதவீதம் குறைந்தபட்சத் தொகை. கடன் 100 என்று வைத்துக்கொள்வோம். கார்டைத் தொடவே தொடாமல், 12 மாதமும் குறைந்தபட்சத் தொகையை ஒழுங்காகக் கட்டினால் வருடக் கடைசியில் கடன் 77. கட்டியது எவ்வளவு என்று கூட்டினேன். 55. குறைந்தது 23 மட்டும். மீதி 32-உம் வட்டிக்குப் போய்விட்டது. இதையே எங்கள் வாடிக்கையாளர் ஒருவர் செய்திருந்தால் எதிரே உட்காரவைத்து அரை மணி நேரம் பாடம் எடுத்திருப்பேன்.

மறுநாளே எல்லாரையும் போல என்னை மாற்றிக்கொள்ளக் கிளம்பினேன். காலை 5 மணிக்கு எழுவது, தியானம், உடற்பயிற்சி, 20 பக்கம் படிப்பது, தேவையில்லாத செலவு கூடவே கூடாது. ஒன்பது நாள் ஓடியது. பத்தாம் நாள் அலாரத்தை அணைத்தது என் கைதான், ஆனால் அணைத்தது எனக்கு நினைவில்லை. ஒரு நாள் விட்டதும் மொத்தமும் போச்சு என்று தோன்றிவிட்டது. தியானத்தோடு சேர்த்துக் கணக்கையும் விட்டேன்.

அந்த ஒன்பது நாளும் என் தலையில் 21 என்ற எண்தான் ஓடிக்கொண்டிருந்தது. 21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும் என்று ஊரே சொல்கிறதே. அது எங்கிருந்து வந்தது என்று பிறகு தேடிப் பார்த்தேன். மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் சர்ஜன், அறுவை சிகிச்சைக்குப் பிறகு நோயாளிகளுக்குத் தங்கள் புது முகம் பழகக் குறைந்தது 21 நாள் போல ஆகிறது என்று 1960-ல் எழுதினார். அந்தக் ‘குறைந்தது’ வாய்மாறி வாய்மாறி வரும்போது வழியில் எங்கோ விழுந்துவிட்டது. பழக்கத்தையே நேரடியாக அளந்து பார்த்தவர் பிலிப்பா லாலி. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் அவரும் சகாக்களும் 96 பேரை 12 வாரம் கவனித்து, 2009-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு செயல் தானாக நடக்கும் நிலைக்கு வர ஆளுக்கும் செயலுக்கும் தகுந்தபடி 18 நாளிலிருந்து 254 நாள்வரை ஆகலாம், நடுவாக எடுத்தால் 66 நாள் என்று கணக்கிட்டார்கள். எனக்குப் பிடித்தது அதில் வரும் இன்னொரு விஷயம். நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் பெரிய பாதிப்பு இல்லையாம். என் பத்தாம் நாள் தூக்கத்தில் அப்படி ஒன்றும் குடி முழுகிப்போகவில்லை. நான்தான் முழுகவைத்தேன்.

இரண்டாம் முறை ஆரம்பித்தபோது என்னை மாற்றும் எண்ணத்தையே விட்டுவிட்டேன். நடந்ததை எழுதுவது மட்டும்தான் வேலை, எனக்குத் தெரிந்த ஒரே தொழிலும் அதுதான். அலுவலகத்தில் பாதி எழுதி ஒதுக்கிய நீளவாக்குப் பேரேடு ஒன்று வீட்டில் கிடந்தது. எழுதிய பக்கங்களைக் கிழித்துவிட்டு, பேனாவை நூலால் அதன் முதுகில் கட்டினேன். (நூல் முக்கியம். ‘பேனா எங்கே’ என்று தேடப்போய் எத்தனை நாள் எழுதாமல் விட்டிருக்கிறேன்!) வீட்டுக் கணக்கு நோட்டு ஒன்றும் புது விஷயம் இல்லை. ஜப்பானில் ஹானி மோட்டோகோ என்ற பெண் பத்திரிகையாளர் 1904-லேயே அதற்கென்று தனி ஏடு போட்டு வெளியிட்டிருக்கிறார், அங்கே ‘ககேய்போ’ என்கிறார்கள். செலவை வகைவகையாகப் பிரித்து எழுதுவது அந்த வழி.

நான் தொழில் புத்தியில் ஒரு கட்டம் கூடப் போட்டேன். தேதி, செலவு, தொகை, அப்புறம் நேரம். காலையா மாலையா என்றில்லை, மணி. தணிக்கையில் பதிவு நடந்த நேரத்தைப் பார்ப்பது எங்கள் வழக்கம். நடுராத்திரியில் போட்ட பதிவு என்றால் இரண்டாம் முறை பார்ப்போம். அந்த வழக்கத்தில்தான் கோடு போட்டேன், வேறு யோசனை எதுவும் இல்லை.

மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை சிவப்புப் பென்சிலோடு உட்கார்ந்தேன். வாங்கி ஒரு மாதம் ஆகியும் பயன்படுத்தாத பொருளுக்கெல்லாம் வட்டம் போட்டேன். மொத்தம் 38 வட்டம். மணி நேரக் குறிப்புப் போட்ட தண்ணீர் பாட்டில், அதுவும் மூன்றாவது. உறையே பிரிக்காத யோகா விரிப்பு. சுவரில் ஓட்டை போடும் டிரில் மெஷின், எங்கள் வீட்டில் ஓட்டை போட இடமே இல்லை. எல்லாவற்றுக்கும் சிகரமாக, நேர மேலாண்மை பற்றிய ஆன்லைன் பயிற்சி ஒன்று. வாங்கிய நேரம் இரவு 11.40. இன்றுவரை முதல் பாடத்தைத் திறக்கவில்லை.

பிறகு நேரக் கட்டத்தில் விரலை ஓடவிட்டேன். 10.50, 11.15, 11.40, 10.35, 12.05. அந்த 38-ல் 27, இரவு 10 மணிக்கு மேல் நடந்தவை.

பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த மகள் எட்டிப் பார்த்தாள். “அம்மா, அப்ப நீ சீக்கிரம் தூங்கியிருந்தா இதெல்லாம் மிச்சமா?” என்றாள். பதின்மூன்று வயது. 18 வருட அனுபவம் உள்ள நான் இன்னும் கூட்டிக்கொண்டிருந்தேன், அவள் அறிக்கையையே எழுதிவிட்டாள்.

அந்த 11 மணிகளை ஒவ்வொன்றாக நினைவுபடுத்திப் பார்த்தேன். நாள் முழுக்க வேலை, வீட்டுக்கு வந்தும் வேலை. எல்லாரும் படுத்த பிறகு ‘இது எனக்கான நேரம்’ என்று போனோடு உட்காருவேன். களைப்பில் எதையும் செய்யத் தெம்பிருக்காது. ஆனால் நாளை முதல் வேறு ஆளாக மாறிவிடலாம் என்ற நம்பிக்கை மட்டும் அந்த நேரத்தில்தான் பொங்கி வரும். ஊக்கமூட்டும் வீடியோ ஒன்று, அதன் பின்னே இன்னொன்று. அந்த வேறு ஆளுக்குத்தான் யோகா விரிப்பும் பாட்டிலும் வாங்கிக்கொண்டிருந்தேன். வீடியோக்களைப் பார்த்து முடித்துப் படுக்க இரவு ஒரு மணி ஆகும். காலையில் எழுந்திருக்கப்போவது பழைய ஆள்தான், அதுவும் ஐந்து மணி நேரத் தூக்கத்தோடு. பணம், களைப்பு, சோம்பல் என்று மூன்று தனித்தனிப் பிரச்சினைகளாக நினைத்திருந்தேன். பேரேட்டில் மூன்றுக்கும் ஒரே பக்கம்.

சரி, செய்தது இவ்வளவுதான். போன் சார்ஜரைப் படுக்கையறையிலிருந்து எடுத்துக் கூடத்தில் மாட்டினேன். பேரேட்டை அதன் பக்கத்தில் வைத்தேன். இரவு 9.45-க்குப் போனைச் சார்ஜில் போடும் கை அப்படியே பேனாவை எடுத்து அன்றைய கணக்கை எழுதும். எழுதி முடித்ததும் படுக்கை. பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1990-களிலிருந்தே ஆராய்ந்துவரும் விஷயம் இது. ‘இனி ஒழுங்காக இருப்பேன்’ என்று பொதுவாக உறுதி எடுப்பதைவிட, ‘இது நடந்ததும் இதைச் செய்வேன்’ என்று இடமும் நேரமும் சேர்த்து முடிவு செய்தவர்கள் அதைச் செய்து முடிப்பது அதிகம். நான் அதைப் படித்துவிட்டுச் செய்யவில்லை. கூடத்தில் வேறு பிளக் பாயிண்ட் காலியாக இல்லை, அவ்வளவுதான்.

அலாரத்துக்குப் பழைய மணிக் கடிகாரம் வாங்கினேன். அது அடிக்கும் சத்தத்தில் வீட்டுக்காரர் முதல் வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை. அவரும் இப்போது போனைக் கூடத்தில்தான் வைக்கிறார், ஏன் என்று நான் கேட்கவில்லை.

பார்த்ததும் பிடித்துப்போகும் பொருளை உடனே வாங்குவதில்லை. பேரேட்டின் கடைசிப் பக்கத்தில் பெயரை எழுதி வைக்கிறேன். மறுநாள் காலை 10 மணிக்குத்தான் முடிவு. காலை 10 மணிக்கு நான் தணிக்கைக்காரி. பாதிக்கு மேல் அங்கேயே அடிபட்டுப்போகிறது.

மிச்சமானதை வைத்து என்ன செய்தேன் என்பதில் பெரிய சூட்சுமம் இல்லை. சம்பளம் வந்த அன்றே நூற்றில் 10 பங்கு தானாகக் கார்டுக் கடனுக்குப் போகும்படி வங்கியில் ஏற்பாடு செய்தேன். சேமிப்பைத் தொடங்காமல் முதலில் கடனை அடைத்ததற்குக் காரணம், 72 என்ற பழைய குறுக்கு வழிக் கணக்கு. 72-ஐ வருட வட்டியால் வகுத்தால் தொகை இரட்டிப்பாக ஏறக்குறைய எத்தனை வருடம் என்று தெரியும். 8 சதவீதம் தரும் சேமிப்பு இரட்டிப்பாக 9 வருடம். மாதம் 3, அதாவது வருடம் 36 சதவீதக் கடன் இரட்டிப்பாக 2 வருடம். இதில் எதை முதலில் கவனிப்பது? ஏழு மாதத்தில் கடன் தீர்ந்தது. அதே 10 பங்கு இப்போது அதே தேதியில் வேறு கணக்குக்குப் போகிறது. கைக்கு வராத பணம் என்பதால் அதை யாரும் தேடவில்லை.

நடையும் இப்படித்தான் ஒட்டிக்கொண்டது. மாலையில் கைப்பையை ஆணியில் மாட்டியதும் ஷூவைப் போட்டுக்கொள்வேன். உட்கார்ந்துவிட்டால் போச்சு. நாளைக்கு 25 நிமிடம், வாரத்தில் ஆறு நாள். பெரியவர்களுக்கு வாரம் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு அதில் சரியாக வந்துவிடுகிறது. சரியாக என்றால் ஒரு நிமிடம்கூட மிச்சம் இல்லாமல். அதிலும் நான் கஞ்சம்.

எல்லா மாதமும் இப்படி ஓடும் என்று நினைத்துவிடாதீர்கள். ஆண்டுக் கணக்கு முடிக்கும் காலத்தில் வீட்டுக்கு வரவே 9 மணி ஆகும். நடை கிடையாது, மகளோடு உட்கார்ந்து பேசுவதும் கிடையாது. முன்பெல்லாம் அந்த வாரங்களில் நாள்தோறும் குற்ற உணர்ச்சி. இப்போது அப்படி நாள் கணக்குப் பார்ப்பதில்லை. எந்த நிறுவனத்தையும் ஒரே ஒரு நாள் வரவுசெலவை வைத்து நாங்கள் எடைபோடுவதில்லை, சொத்தையும் கடனையும் மொத்தமாகக் காட்டும் ஐந்தொகைக்கு வருடக் கடைசி வரை காத்திருப்போம். அந்த மாதங்களில் எனக்கு நான் விதித்திருப்பது ஒன்றே ஒன்று, பேரேட்டில் ஒரு வரி. ‘களைப்பு’ என்று ஒரே சொல் எழுதிய பக்கங்கள் உண்டு. சீசன் முடிந்ததும் நான்கு நாள் விடுப்பு. அதை வருடத் தொடக்கத்திலேயே எழுதிக் கொடுத்துவிடுகிறேன். கடைசியில் கேட்டால் எந்த மேலாளர் தருவார்?

போன வாரம் மகள் பேரேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். “நேத்து பக்கம் காலியா இருக்கே” என்றாள். மறந்துவிட்டேன் என்று சொல்லி, அங்கேயே நின்று நினைவுபடுத்தி எழுதினேன். கடைசியாக ஒன்று மிச்சமிருந்தது. அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எழுத வேண்டியதாயிற்று. மேசை விளக்கு, ஒன்று. நேரம், இரவு 11.20.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. சிவப்புப் பென்சிலை எடுத்துக் கொடுத்தாள்.