சயாம் ரயிலில் நூறு பாட் பயணம்

பழைய சயாம்தான் இன்றைய தாய்லாந்து. அங்கே பாங்காக்கில் நான் தங்கியிருந்த விடுதியில் காஞ்சனபுரிக்கு ஒருநாள் வேன் டூர் என்று 1,800 பாட் கேட்டார்கள். ஒரு பாட் இரண்டரை ரூபாய்க்கு மேல், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அந்தக் காசுக்கு என்ன காட்டுவார்கள் என்றால் பாலத்தில் கொஞ்ச நேரம், நடுவில் யானைச் சவாரி, அப்புறம் யாரும் கேட்காத ஒரு நகைக்கடை. ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஆற்றைத் தாண்டி தொன்புரி ஸ்டேஷனுக்குப் போய் ரயில் ஏறினேன். காலை எட்டுக்குள் ஒரு வண்டி, மதியம் இன்னொன்று. வெளிநாட்டுக்காரர்களுக்கு எங்கே இறங்கினாலும் 100 பாட். உள்ளூர்க்காரர்களுக்கு அதைவிட எவ்வளவோ குறைவு என்று தெரிந்தபோது வயிறு எரிந்தது, ஆனாலும் வேனுக்கு இது தேவலை.

ஏசி கிடையாது. மூன்றாம் வகுப்பு, திறந்த ஜன்னல், தலைக்கு மேல் மின்விசிறி. வழியெல்லாம் கூடைக்காரப் பெண்கள் ஏறி இறங்குகிறார்கள். சுட்ட கோழியும் பிளாஸ்டிக் பையில் கட்டிய ஒட்டரிசிச் சோறும் வாங்கிக் கையாலேயே பிய்த்துத் தின்றேன். அந்தப் பயணத்திலேயே நல்ல சாப்பாடு அதுதான். கடைத்தெரு உணவகங்களில் இதற்கு மூன்று மடங்கு கொடுத்தும் இந்த ருசி கிடைக்கவில்லை.

காஞ்சனபுரியில் எல்லோரும் தேடி வருவது குவாய் நதிப் பாலம். 1957-இல் வந்த ஒரு ஹாலிவுட் படம் செய்த வேலை அது. வேடிக்கை என்னவென்றால் அந்தப் படத்தில் வரும் பாலம் இலங்கையில் கித்துல்கலவில் கட்டிய மரப்பாலம். இங்கே இருப்பது இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர்கள் இந்த ரயில்பாதைக்காகப் போட்ட இரும்புப் பாலம். அது நின்ற ஆற்றின் பெயரும் அன்று மே குளோங். படம் பார்த்துவிட்டு வந்தவர்கள் குவாய் எங்கே என்று கேட்கப் போய், ஆற்றின் பெயரையே மாற்றிவிட்டார்கள். பாலத்தில் நடக்கும்போது மேலே பாருங்கள். வளைந்த சட்டங்கள் பழையவை. நடுவில் நேராக இருக்கும் இரண்டும் குண்டுவீச்சில் உடைந்து, போருக்குப் பின் மாற்றியவை.

பாதிப் பேர் பாலத்தோடு இறங்கிவிடுகிறார்கள். இறங்காதீர்கள். தாம் கிராசே என்ற இடத்தில் ரயில் பாறையை ஒட்டி நிற்கும் மரத் தூண்கள்மேல் ஊர்ந்து போகிறது. ஒரு பக்கம் கையை நீட்டினால் பாறை உரசும், மறுபக்கம் கீழே ஆறு. மரம் முனகுகிற சத்தம் ஜன்னல் வழியே நன்றாகவே கேட்கிறது.

நாம் டோக் என்ற ஸ்டேஷனோடு தண்டவாளம் முடிகிறது. அங்கேதான் ஒரு வாடகை வண்டி டிரைவர் பிடித்துக்கொண்டார். பதினெட்டு கிலோமீட்டர் போல இருக்கும் ஹெல்ஃபயர் கணவாய்க்கு 900 பாட்டாம். "பஸ் இல்லை, பஸ் இல்லை" என்று கூடவே வந்தார். மெயின் ரோட்டுக்கு நடந்து போனால் பஸ் வந்தது, ஐம்பது பாட்கூட ஆகவில்லை. பஸ் இல்லை என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

கணவாய் என்பது இதே ரயில்பாதைக்காக மலையைக் கையால் அறுத்த பள்ளம். உளியும் சுத்தியலும்தான், இயந்திரம் மிகச் சொற்பம். துளை போடும்போது முறிந்த இரும்புத் துண்டு ஒன்று இன்னும் பாறைக்குள்ளேயே சிக்கி நிற்கிறது. இரவில் தீப்பந்த வெளிச்சத்தில் எலும்பும் தோலுமாக ஆட்கள் வேலை செய்ததைப் பார்த்து வைத்த பெயராம் ஹெல்ஃபயர், அதாவது நரக நெருப்பு. அங்கிருக்கும் ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்துக்குக் கட்டணம் இல்லை, பட்ஜெட்காரர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

செலவு, நேரம் எல்லாம் வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் இதைச் சொல்லாமல் மேலே போக முடியவில்லை. 1942-இலிருந்து 1943 அக்டோபருக்குள் ஜப்பானியர்கள் பர்மாவரை 415 கிலோமீட்டருக்கு இந்தப் பாதையைப் போட்டார்கள். அதில் வேலை செய்த நேச நாட்டுப் போர்க் கைதிகள் 60,000 பேருக்கு மேல், அவர்களில் செத்தவர்கள் 12,000-க்கு மேல். ஆசியத் தொழிலாளர்களில் செத்தவர்கள் ஏறக்குறைய 90,000 என்று மதிப்பிடுகிறார்கள். அதில் மலாயா ரப்பர் தோட்டத்துத் தமிழர்கள் ஏராளம். நாளுக்கு ஒரு வெள்ளி, அதாவது ஒரு மலாயா டாலர், கூலி என்று ஆசை காட்டினார்கள். அதற்கு ஆள் சேராதபோது வலுவில் பிடித்துக்கொண்டு போனார்கள். தோட்டத்தில் இலவசப் படம் காட்டுகிறோம் என்று கூட்டம் சேர்த்து அப்படியே லாரியில் ஏற்றிய கதையை மலேசியத் தமிழர்கள் இன்றும் சொல்வார்கள். கைதிகளோடு அவர்களுடைய ராணுவ மருத்துவர்கள் இருந்தார்கள், செத்தவன் பெயரை எழுதிவைக்க அதிகாரி இருந்தான். தோட்டத்துச் சனத்துக்கு இரண்டும் இல்லை. 1943 மழையில் காலரா வந்தபோது குழிகுழியாக அள்ளிப் போட்டார்கள்.

காஞ்சனபுரி ஊருக்குள் போர்க் கல்லறைத் தோட்டத்தில் ஏறக்குறைய 7,000 கல்லறைகள். வெட்டி விட்ட புல், பெயர், வயது, செடி. மனசு கலங்கத்தான் செய்கிறது. அதற்குப் பக்கத்திலேயே வாட் தாவோன் வராராம் கோயில் இருக்கிறது. பெயர் தெரியாத தொழிலாளர்களின் எலும்புகளை அங்கே சேர்த்துப் புதைத்திருக்கிறார்கள். மலேசியத் தமிழர்கள் முயன்று அண்மையில் ஒரு நடுகல்லும் நிறுத்தியிருக்கிறார்கள். எந்த டூர் வேனும் அங்கே நிற்பதாகத் தெரியவில்லை.

இன்னொன்று. பாலத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் ஜப்பானிய ராணுவமே 1944-இல் எழுப்பிய நினைவுத்தூண் உண்டு. அதில் பல மொழிகளில் இரங்கல் வாசகம், தமிழிலும் இருக்கிறது. சாகடித்தவனே தமிழில் எழுதிவைத்த இரங்கல். படித்தபோது வந்தது கண்ணீர் இல்லை, எரிச்சல்தான். மதிலுக்கு வெளியே ஐஸ்கிரீம் விற்றுக்கொண்டிருந்தார்கள்.

சாயங்காலம் ஸ்டேஷன் பக்கம் இரவுச் சந்தை. தட்டு தட்டாக வறுத்த வெட்டுக்கிளி, பட்டுக்கூட்டுப் புழு, மூங்கில் புழு. சோயா சாஸைப் பீய்ச்சி மிளகுத்தூள் தூவித் தருகிறார்கள். மழைக்கு வரும் ஈசலைப் பொரியோடு வறுத்துத் தின்ற ஊர்க்காரன் நான், எனக்கு என்ன பயம்? மூங்கில் புழு பிரமாதம், மொறுமொறுவென்று, உள்ளே ஒன்றுமே இல்லை. பட்டுப்புழு வேண்டாம், கடித்ததும் மாவாகக் கரைந்து நாக்கில் ஒட்டிக்கொள்கிறது. வெட்டுக்கிளிக்குக் காலைப் பிய்த்துவிடுங்கள், தொண்டையில் குத்தும்.

பாங்காக் திரும்பும் கடைசி ரயில் மதியம் மூன்றுக்குள் போய்விடும். ஒரே நாளில் எல்லாம் பார்க்க முடியாது, இரவு தங்குங்கள். ஆற்றோர விடுதிகள் விலை அதிகம், கரோக்கிப் படகுகளின் இரைச்சலும் இலவசம். ஸ்டேஷன் பக்கத்துத் தெருக்களில் பாதி விலைக்கு அறை கிடைக்கிறது. சனி, ஞாயிறு மட்டும் போகாதீர்கள், பாலத்தில் செல்ஃபிக்காரர்களைத் தாண்டி ஒரு அடி வைக்க முடியாது.