வெளியில் தெரியாத நோயோடு பெரட்டுக்கு

எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் ஏற்படும் காயங்கள் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிபவை. மட்டை முள் குத்திச் சீழ் பிடித்த விரலோ, அரிவாள் நழுவிக் கிழித்த தோளோ, குலை விழுந்து வீங்கிய பாதமோ எதுவானாலும், ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டில் அந்த ஆள் வந்து நிற்கும்போதே மேற்பார்வையாளரான மண்டோருக்கு விளங்கிவிடும். தோட்ட எழுத்தரான கிராணியும் தொழிலாளர் காப்புறுதி நிறுவனமான சொக்சோவின் பாரத்தை எடுத்துவிடுவார். மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் அறுவடை மண்டோராக இருக்கும் எனக்கு வந்ததோ அந்தப் பார்வைக்குச் சற்றும் அகப்படாத நோய். இதயத்தைச் சுற்றியிருக்கும் உறையில் அழற்சி. வெளியே ஒரு கீறலும் இல்லாமல், மாதக்கணக்கில் அரை வேலைக்காரனாக நடமாட வேண்டியிருந்தது.

தொடக்கம் வெறும் காய்ச்சல்தான். தொண்டை வலி, உடம்பு வலி, இரண்டு மூன்று நாள் படுக்கை. பிறகு எல்லாம் தணிந்து நான் வேலைக்கும் போய்விட்டேன். அதற்கு அடுத்த வாரம் நெஞ்சின் நடுவில் ஆரம்பித்த வலி இடது தோள்பட்டை வரை ஏறியது. மூச்சை ஆழமாக இழுத்தால் குத்தியது. மல்லாந்து படுத்தால் தாங்க முடியவில்லை. மேசைமேல் கைகளை ஊன்றி முன்புறம் சாய்ந்து உட்கார்ந்தால் மட்டும் கொஞ்சம் தணிந்தது. மாரடைப்பு என்றே வீட்டில் பயந்தார்கள். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் இல்லாத வீட்டைத் தேடிப் பார்க்க வேண்டிய எங்கள் குடியிருப்பில் அந்தப் பயத்தைக் குறை சொல்ல முடியாது. மருத்துவர்களும் முதலில் அதைத்தான் சோதித்தார்கள். மாரடைப்பில் அடைபட்ட இரத்தக் குழாய்க்கு உரிய பகுதியில் மட்டும் இ.சி.ஜி. கோடுகள் மாறும் என்றும், என் தாளில் ஏறக்குறைய எல்லாக் கோடுகளும் ஒருசேர உயர்ந்திருந்தன என்றும் அந்த இளம் மருத்துவர் காட்டினார். என்னை முன்புறம் சாயச் சொல்லிக் குழாயை வைத்துக் கேட்டபோது, காய்ந்த மட்டைகள் ஒன்றோடொன்று உரசுவது போன்ற ஓசை அவருக்குக் கேட்டதாம்.

இதய உறைக்கு உள்ளும் புறமுமாக இரண்டு படலங்கள் உண்டு. அவற்றுக்கிடையே வழக்கமாக 15 முதல் 50 மில்லி லிட்டர் நீர் இருந்து உராய்வைத் தடுக்கிறது. காக்சாக்கி, அடினோ, இன்ஃபுளுவென்சா போன்ற வைரஸ்களில் ஒன்று வந்து போன பிறகு அந்தப் படலங்கள் அழற்சியுற்றுத் தடிக்கலாம், நீரும் கூடலாம். எந்த வைரஸ் என்று பெரும்பாலும் தேடுவதில்லை, தெரிந்தாலும் சிகிச்சை மாறப்போவதில்லை என்பதால். எனக்கு இதயத் தசை பாதிப்பைக் காட்டும் ட்ரோபோனின் அளவும் இரத்தத்தில் சற்று உயர்ந்திருந்தது. அதாவது உறையோடு இதயத் தசையையும் அழற்சி கொஞ்சம் தொட்டிருந்தது. ஸ்கேனில் இதயம் நன்றாகவே இயங்கியது, ஆனாலும் இந்த ஒரு விவரத்தால்தான் என் ஓய்வு நீண்டது.

மருந்து தொடங்குவதற்கு முன்பே டிங்கி (டெங்கு) சோதனை எடுத்தார்கள். இதய உறை அழற்சிக்கு முதலில் கொடுப்பது இபுபுரோஃபென், ஆஸ்பிரின் வகை மாத்திரைகள். டிங்கியாக இருந்தால் அவையே இரத்தக் கசிவை உண்டாக்கிவிடும். காய்ச்சல் என்றதும் கடையில் கிடைக்கும் வலி மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொண்டு தீம்பாருக்கு, அதாவது தோட்டத்தில் வேலை நடக்கும் பகுதிக்கு, போகும் எங்கள் ஆள்களிடம், பாராசிட்டமால் தவிர வேறெதையும் இரத்தப் பரிசோதனைக்கு முன் தொடாதீர்கள் என்று இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இரண்டாவது மருந்து கோல்சிசின், அரை மில்லிகிராம் மாத்திரை, வழக்கமாக மூன்று மாதம். வயிற்றைக் கலக்கும், மற்றபடி எனக்குத் தொல்லை தரவில்லை. தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளின் விதையிலிருந்தும் இந்தச் சரக்கை எடுக்கிறார்கள், அதற்காகவே அங்கே அதைப் பயிரிடுகிறார்கள். அதன் கிழங்கு நஞ்சு என்று என் பாட்டி எச்சரித்தது நினைவிருந்ததால், மாத்திரையை ஒரு வேளைகூடக் கூட்டாமல் குறைக்காமல் மிகுந்த மரியாதையோடு விழுங்கினேன்.

வலி சில நாள்களில் போய்விட்டது. சிக்கல் அதற்குப் பிறகுதான். தசையும் தொடப்பட்டிருந்தால் 3 முதல் 6 மாதம் வரை கடும் உழைப்பைத் தவிர்க்கச் சொல்வது வழக்கம். ஆறாத தசையோடு உடலை வருத்தினால் இதயத் துடிப்பு ஆபத்தான முறையில் தாறுமாறாகக்கூடும். மண்டோர் குலை வெட்டுவதில்லைதான், ஆனால் ஹெக்டருக்கு 136 மரம் என்று நட்டிருக்கும் மேட்டுத் தீம்பாரில் நிரை நிரையாக ஏறி இறங்கி, பழுக்காத குலை வெட்டப்பட்டதா, உதிரிப் பழம் பொறுக்கப்பட்டதா என்று பார்ப்பது உட்கார்ந்த வேலை அன்று. வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போகாவிட்டால் எண்ணெயின் தரம் கெடும் என்பதால் நிதானமாக நடக்கவும் முடியாது. "பார்க்கிறதுக்கு நல்லாத்தானே இருக்கீங்க மண்டோர், இன்னும் என்ன எம்.சி.?" என்று மருத்துவ விடுப்பைப் பற்றிச் சகாக்கள் கேட்டது பொறாமையால் அல்ல. என் பங்கு நடையையும் சேர்த்து அவர்கள்தான் நடந்துகொண்டிருந்தார்கள்.

சட்டம் ஓரளவு தாங்கியது. ஐந்து ஆண்டுக்கு மேல் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 22 நாள் நோய் விடுப்பு உண்டு. மருத்துவமனையில் தங்க நேர்ந்தால் 60 நாள், 2023 முதல் அது தனிக் கணக்கு. வேலையால் வந்த நோய் இல்லை என்பதால் சொக்சோவின் தற்காலிக இயலாமைப் பலன் கிடைக்காது. ஆனால் வேலைக்கு வரலாம், மேட்டில் ஏறக் கூடாது என்னும் நிலைக்கு எந்தப் பாரத்திலும் இடம் இல்லை. அதைத் தோட்ட நிர்வாகியான துரையிடம் நேரில் பேசித்தான் தீர்க்க வேண்டியிருந்தது. மருத்துவர் எழுதிய கடிதத்தில் "கனமான வேலை வேண்டாம்" என்று மட்டும் இருந்ததைத் திருப்பிக் கொடுத்து, எவ்வளவு தூரம் நடக்கலாம், மேடு ஏறலாமா, மோட்டார் சைக்கிள் ஓட்டலாமா என்று தனித்தனியாக எழுதி வாங்கினேன். அந்தத் தாள் இல்லாமல் துரையும் முடிவெடுத்திருக்க மாட்டார். முதலில் பெரட்டும் எடைமேடையும், பிறகு சமநிலத் தீம்பார் என்று வேலையைப் பிரித்துக் கொடுத்தார்.

எப்போது கூட்டலாம் என்பதை என் உடம்பைக் கேட்டு முடிவு செய்யவில்லை. நன்றாக இருப்பதாகத்தான் அது எப்போதும் சொன்னது. அழற்சியைக் காட்டும் இரத்தச் சோதனையும் இ.சி.ஜி.யும் சீரான பிறகே ஒவ்வொரு கட்டமும் நகர்ந்தது. முதல் முறை இதய உறை அழற்சி வந்தவர்களில் 15 முதல் 30 விழுக்காட்டினருக்கு அது திரும்புகிறது, கோல்சிசின் அதை ஏறக்குறையப் பாதியாக்குகிறது என்றார்கள். அந்தப் பாதி போக மிச்சத்தை எண்ணி, நெஞ்சில் வாயு அடைத்தாலும் முன்புறம் சாய்ந்து பார்க்கும் பழக்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

மேட்டுத் தீம்பார் இப்போது வேறொரு மண்டோரிடம் இருக்கிறது. திருப்பி எடுத்துக்கொள்கிறீர்களா என்று துரை கேட்டார்; அடுத்த ஸ்கேன் முடியட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.