128 ஜிபி என்று அச்சிட்டிருந்தது, உள்ளே 8 கூட இல்லை

மெமரி கார்டிலிருந்து இயங்கும் சின்னக் கணினியான ராஸ்பெரி பைக்கு இயங்குதளம் ஏற்றுவது எளிதான வேலைதான். இமேஜர் மென்பொருளைத் திறந்து எந்தப் பை, எந்த இயங்குதளம், எந்தக் கார்டு என்று காட்டிவிட்டால் மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும். என்னை அலைக்கழித்தது இணையத்தில் வாங்கிய ஒரு போலி மெமரி கார்டு. கோபம் இன்னும் ஆறவில்லை.

கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் குடியிருப்புப் பிள்ளைகளுக்கு மாலை நேரத் தமிழ் வகுப்பு நடக்கிறது. அவர்கள் தமிழில் தட்டச்சு செய்து பழக, சும்மா கிடந்த தொலைக்காட்சியுடன் ராஸ்பெரி பை 4 ஒன்றை இணைத்துத் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தேன். கார்டு வந்த அன்றே இயங்குதளத்தை அதில் எழுதினேன். எழுதி முடித்த பிறகு இமேஜர் ஒருமுறை சரிபார்க்கும், அதிலும் தேறியது. திரை வந்தது, வைஃபை கிடைத்தது, தமிழ் எழுத்துருக்களும் தமிழ்99 விசைப்பலகையும் ஏறின. வகுப்பில் வைத்துவிட்டு நிம்மதியாக வீடு திரும்பினேன்.

பிறகுதான் தொல்லை. ஒரு சிறுமி பத்துமலைக்குப் போய்வந்ததைப் பற்றிக் கட்டுரை எழுதிச் சேமித்திருந்தாள். மறுவகுப்பில் திறந்தால் கோப்பின் பெயர் இருக்கிறது, அளவு இருக்கிறது, உள்ளே ஓர் எழுத்தும் இல்லை. "தம்பி, பிள்ளை எழுதியது எங்கே போயிற்று?" என்று ஆசிரியை கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. மென்பொருள்களைப் புதுப்பித்து மறுபடி இயக்கினேன். கறுப்புத் திரையில் பிழைச் செய்திகளாக ஓடி நின்றுவிட்டது. மீண்டும் இயங்குதளத்தை ஏற்றினால் முதலில் நன்றாகவே இருக்கும், பிறகு அதே கதை.

ஏன் அப்படி நடந்தது என்பதை எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். போலிக் கார்டில் உள்ள கட்டுப்பாட்டுச் சில்லு, கணினியிடம் "என்னிடம் 128 ஜிபி இருக்கிறது" என்று பொய் சொல்லும்படி மாற்றப்பட்டிருக்கும். உண்மையில் இருப்பது 8 ஜிபிக்கும் குறைவு. திரையோடு கூடிய ராஸ்பெரி பை இயங்குதளம் 5, 6 ஜிபிதான் பிடிக்கும். அது முழுவதும் நல்ல பகுதிக்குள் அடங்கிவிடுவதால் இமேஜரின் சரிபார்ப்பு தேறிவிடுகிறது. முதல்முறை இயங்கும்போது இயங்குதளம் தன்னைக் கார்டு முழுவதற்கும் விரித்துக்கொள்கிறது. அதன் பிறகு இல்லாத இடத்தில் எழுதப்படுவதெல்லாம் ஓட்டை வாளியில் ஊற்றிய தண்ணீர்தான். எழுதும்போது எந்த எச்சரிக்கையும் வராது.

விற்றவரின் பதில்கள்தான் எரிச்சலைக் கூட்டின. முதலில் மின்சாரம் போதவில்லை என்றார். நான் பயன்படுத்தியது ராஸ்பெரி பைக்கென்றே வரும் 5.1 வோல்ட், 3 ஆம்பியர் மின்னிணைப்பி. மின்சாரம் குறைந்தால் திரையில் மின்னல் குறி வரும், ஒருமுறைகூட வரவில்லை. அடுத்து, ஃபார்மட் செய்து பாருங்கள் என்றார். இல்லாத நினைவகம் ஃபார்மட் செய்தால் முளைத்துவிடுமா? கடைசியில், இது கைப்பேசிக்கான கார்டு, கணினிக்கு ஒத்துவராது என்றார். அது சுத்தப் பொய். கைப்பேசியில் போட்டிருந்தாலும் யாரோ ஒருவரின் குடும்பப் படங்கள் இப்படித்தான் காணாமல் போயிருக்கும்.

ஆதாரம் தேடித் தந்தது எஃப்3 என்ற இலவச மென்பொருள். லினக்ஸ் கணினியில் அதன் எழுதும் கட்டளை, காலியாக உள்ள இடம் முழுவதையும் சோதனைக் கோப்புகளால் நிரப்பும். படிக்கும் கட்டளை அவற்றைத் திரும்ப வாசித்து எவ்வளவு தொலைந்தது என்று சொல்லும். பெரிய கார்டுக்கு மணிக்கணக்கில் ஆகும், இரவில் ஓடவிடுங்கள். விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ அதே வேலையைச் செய்யும். என் கார்டில் ஏறக்குறைய 7 ஜிபி மட்டும் நல்லது, மற்றதெல்லாம் தொலைந்தது என்று வந்தது. அந்தத் திரையைப் படமெடுத்து விற்றவருக்கு அனுப்பினேன். பதில் இல்லை.

இங்கே சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டி வழக்குப் பதியலாம். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை விசாரிப்பார்கள், வழக்கறிஞர் தேவையில்லை. அங்கே போகப்போகிறேன் என்று சோதனைப் படத்துடன் எழுதிய பிறகுதான் விற்றவருக்குப் பேச்சு வந்தது. முழுப் பணமும் திரும்பியது. சிறிய தொகைதான், ஆனாலும் அன்று எனக்கு இருந்த மகிழ்ச்சிக்கு அளவில்லை.

புதிய கார்டை ஜாலான் பாசாரில் வாங்கினேன். மின்னணுப் பொருள்கள் வாங்க இன்றும் நான் நம்பிப் போகும் தெரு அது. கடைக்காரச் சீனப் பெரியவர் என் பழைய கார்டைக் கையில் வாங்கி, புதியதன் பக்கத்தில் வைத்துத் திருப்பிக் காட்டினார். நல்லதன் பின்புறத்தில் வரிசை எண் பொடி எழுத்தில் கூர்மையாக இருந்தது. போலியின் பின்புறம் வெறுமை. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகச் சோதனையை ஓட்டினேன், தேறியது. 32 ஜிபியே இந்த வேலைக்குத் தாராளம்.

இன்னும் சில விஷயங்கள். எழுதி முடித்த கார்டை விண்டோஸில் செருகினால், ஒரு பகுதியைப் படிக்கத் தெரியாமல் ஃபார்மட் செய்யவா என்று கேட்கும். வேண்டாம் என்று மூடிவிடுங்கள். பை 4இல் திரைக்கான துளைகள் இரண்டு, மின்சாரத் துளைக்கு அருகில் உள்ளதில் செருகுங்கள். "பை" என்ற பயனர்பெயர், "ராஸ்பெரி" என்ற கடவுச்சொல் என்று சொல்லும் பழைய வழிகாட்டிகளை நம்பாதீர்கள். 2022 ஏப்ரலில் அது நீக்கப்பட்டுவிட்டது. பயனர்பெயர், கடவுச்சொல், வைஃபை எல்லாவற்றையும் எழுதும் முன்பே இமேஜரில் கொடுத்துவிடலாம், நாடு மலேசியா என்று வைப்பது உட்பட.

அந்தச் சிறுமி கட்டுரையை மறுபடி எழுதிவிட்டாள், முன்பைவிட நீளமாக. அதை யூஎஸ்பி நினைவகத்திலும் ஒரு படி எடுத்துவைத்திருக்கிறோம். போலிக் கார்டைத் திருப்பி அனுப்பும்படி விற்றவர் கேட்கவில்லை. வேறு யார் கைக்கும் போகாதபடி இரண்டாக உடைத்துப் போட்டேன்.