“இருக்கா?” என்று கேட்கும் ஊர்

லிஸ்பனுக்கு வந்த முதல் மாதத்தில் என் காதில் ஓயாமல் விழுந்த சொல் ‘தைம்’. அரசு அலுவலக வாசலில் நின்ற காவலர் “தைம் சென்ய?” என்றார். டோக்கன் இருக்கிறதா என்று கேட்கிறார். உள்ளே போனால் “தைம் மர்கஸாவ்?” முன்பதிவு இருக்கிறதா? சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் பெண் கடையின் அட்டை இருக்கிறதா என்று அதே சொல்லால் கேட்டாள். சுகாதார மையத்தில் “தைம் தோரஷ்?” வலி இருக்கிறதா? புதிதாக வந்தவளிடம் ஊரே “இருக்கா, இருக்கா” என்று கேட்டுக்கொண்டிருந்தது. பதில் சொல்ல எனக்கு வாய் இல்லை.

இதில் இன்னொரு சங்கடமும் இருந்தது. நான் தூத்துக்குடிக்காரி, குடும்பப் பெயர் பர்னாந்து. 1530களில் எங்கள் கடற்கரையில் போர்த்துக்கீசியர் கொடுத்த ஞானஸ்நானத்தோடு வந்த பெயர்களில் ஒன்று. லிஸ்பன் அலுவலகங்களில் என் காகிதத்தைப் பார்த்தவர்கள், பெயரைப் படித்ததுமே முகம் மலர்ந்து, படபடவென்று போர்த்துக்கீசில் பேச ஆரம்பித்துவிடுவார்கள். ஐந்நூறு வருடமாகக் குடும்பம் சுமந்து வந்த பெயர், ஆனால் அந்த மொழியில் ஒரு வாக்கியம் தெரியாது. அந்த நேரங்களில் உண்மையாகவே மனசு கூசும்.

ஒன்றுமே தெரியாது என்றும் சொல்ல முடியாது. மேசை, ஜன்னல், சாவி, அலமாரி, அன்னாசி, ஏலம் எல்லாம் இவர்களிடமிருந்து நமக்கு வந்தவைதானே. வீட்டு உரிமையாளர் அம்மா “ஜனேல”, “ஷாவ்” என்று காட்டிக் காட்டிச் சொன்னபோது பாதி புரிந்துவிட்டது. ஆனால் யோசித்துப் பார்த்தால், நான் அடையாளம் கண்டுகொண்டது எல்லாமே பெயர்ச்சொல். கப்பலில் பொருள் வந்தது, பொருளோடு பெயர் வந்தது. வினை அங்கேயே நின்றுவிட்டது. சாவியைத் தெரியும், “என்னிடம் சாவி இருக்கிறது” என்று சொல்லத் தெரியாது.

அந்த ‘இருக்கிறது’க்கு இங்கே வினைச்சொல் ‘தேர்’. தூத்துக்குடியில் பிறந்தவளுக்குத் தேர் என்றால் பனிமய மாதா கோவில் தங்கத்தேர்தான் கண்முன் வரும். மறக்காமல் இருக்க அது உதவியது. மற்றபடி இந்தச் சொல் பிடிகொடுக்கவில்லை. நான் என்றால் ‘தெஞ்ஞு’, நீ என்றால் ‘தைன்ஷ்’, அவர் என்றால் ‘தைம்’, நாங்கள் என்றால் ‘தேமுஷ்’. இறந்த காலத்துக்குப் போனால் ‘தேர்’ என்ற முகமே காணாமல் போய் ‘தீவ்’, ‘தேவ்’, ‘தீஞ்ஞ’ என்று வேறு ஆட்கள் வந்து நிற்பார்கள்.

புலம்பெயர்ந்தவர்களுக்கு அரசு நடத்தும் மொழி வகுப்பில் சேர்ந்தேன். 2020இல் ஒழுங்குபடுத்திய திட்டம் அது. ஏ2 என்ற அடிப்படை நிலை முடித்தால் நிரந்தர வதிவிடத்துக்கும் குடியுரிமைக்கும் அந்தச் சான்றிதழைக் காட்டலாம். ஒரு பள்ளிக்கூடத்தில், மாலை ஏழு மணிக்கு மேல் வகுப்பு. ஒரு பக்கம் நேபாளத் தம்பிகள், இன்னொரு பக்கம் உக்ரைன் நாட்டு அம்மா, பின்னால் வங்கதேசத்துக்காரர்கள். எல்லோரும் வேலை முடிந்து வந்த களைப்பில் இருப்போம். ஆசிரியை பலகையில் ‘தேர்’ என்று எழுதி, ஆங்கிலத்தில் அதற்கு என்ன என்பதையும் பக்கத்தில் எழுதினார். எனக்கு அங்கேதான் தொல்லை ஆரம்பித்தது என்று இப்போது நினைக்கிறேன்.

பல மாதங்கள் நான் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போய், ஆங்கிலத்திலிருந்து போர்த்துக்கீசுக்கு வந்துகொண்டிருந்தேன். பசிக்கிறது என்று சொல்ல வேண்டுமா? ஆங்கிலத்தில் அங்கே ‘ஐ ஆம்’ வருகிறது, அதனால் இங்கே “ஷ்தோ ஃபோம்” என்பேன். தப்பு. “நானே பசி” என்பது மாதிரி ஒலித்திருக்கும். வயதும் அப்படித்தான், குளிரும் அப்படித்தான். ஜனவரியில் லிஸ்பன் வீடுகளில் வெளியே இருப்பதைவிட உள்ளே குளிரும். எங்கள் வீட்டில் ஹீட்டர் வசதி கிடையாது. ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, குளிருகிறது என்பதைக்கூடச் சரியாகச் சொல்ல முடியாமல் உட்கார்ந்திருந்த ராத்திரிகள் உண்டு.

ஒரு நாள் நோட்டில் தமிழை மட்டும் எழுதிப் பார்த்தேன். எனக்குப் பசி. எனக்குத் தாகம். எனக்குப் பயம். எனக்கு 34 வயது. பசி, தாகம், பயம் எல்லாம் நம்மிடமும் பெயர்ச்சொல்லாக நிற்கின்றன, எனக்கு என்று வந்து சேர்கின்றன. போர்த்துக்கீசிலும் அவை பெயர்ச்சொற்கள்தான்: தெஞ்ஞு ஃபோம், தெஞ்ஞு சேத், தெஞ்ஞு மேது. நாம் ‘எனக்கு’ போடும் இடத்தில் அவர்கள் ‘தெஞ்ஞு’ போடுகிறார்கள், அவ்வளவுதான். நடுவில் இருந்த ஆங்கிலத்தை எடுத்துவிட்டதும் ஒரே ராத்திரியில் பத்து வாக்கியம் சரியாக வந்தது. சந்தோஷத்தில் கணவரை எழுப்பி ஒப்பித்தேன்.

உச்சரிப்பிலும் தமிழ்தான் கைகொடுத்தது. ‘தெஞ்ஞு’வில் வருவது நம் ‘ஞ’. விஞ்ஞானம் என்று சொல்லத் தெரிந்த வாய்க்கு அதில் கஷ்டமே இல்லை. ‘தைம்’ என்பதை எழுதும்போது கடைசியில் ‘ம்’ வருகிறது, ஆனால் சொல்லும்போது உதடு சேரக் கூடாது, சத்தம் மூக்கு வழியாகப் போக வேண்டும். ஆசிரியை இதைச் சொன்னதும் பக்கத்தில் இருந்தவர்கள் திணறினார்கள். நான் மெதுவாக ‘பணம்’, ‘மரம்’ என்று எங்கள் வீட்டில் பேசுகிற மாதிரி சொல்லிப் பார்த்தேன். பேச்சில் நாம் அந்த ‘ம்’முக்கு எங்கே உதட்டை மூடுகிறோம்? அதே மூக்குச் சத்தம்தான்.

அப்புறம் அர்ரோயுஷ் பகுதியில் ஒரு பஷ்தெலரீயாவில் வேலை கிடைத்தது. காபியும் ரொட்டியும் முட்டைப் பாலேட்டு பஷ்தெல் த நாதாவும் விற்கும் சின்னக் கடை. அங்கே நாள் முழுக்க ‘தைம்’தான். சோயா பால் இருக்கிறதா, சில்லறை இருக்கிறதா, கார்டு மெஷின் இருக்கிறதா. முதல் வாரம் எல்லாவற்றுக்கும் “சிம்”, அதாவது ஆமாம் என்றேன். கூட வேலை செய்த பிரேசில் பெண் தனியாகக் கூப்பிட்டு, “சிம் வேண்டாம், தேமுஷ் என்று சொல்” என்றாள். கேட்ட வினையையே திருப்பிச் சொல்ல வேண்டும், அதுதான் இங்கே ஆமாம். எனக்குச் சட்டென்று ஊர் மளிகைக் கடை ஞாபகம் வந்தது. “அண்ணாச்சி, பச்சரிசி இருக்கா?” என்றால் அண்ணாச்சி “ஆமாம்” என்றா சொல்வார்? “இருக்கு” என்பார். நாம் காலங்காலமாகச் செய்வதைத்தான் இவர்களும் செய்கிறார்கள்.

அந்தப் பிரேசில் பெண் பேசுவதில் இன்னொன்றும் கவனித்தேன். ரொட்டி இருக்கிறது என்று பொதுவாகச் சொல்ல முதலாளி “ஆ பாவ்” என்பார், அது வேறொரு வினை. அவளோ அதற்கும் ‘தைம்’ என்றே சொல்வாள். என்னிடம் இருப்பதற்கும் உலகத்தில் இருப்பதற்கும் ஒரே சொல். நம் ‘இருக்கு’ மாதிரியே. முதலாளி முன்னால் நான் அவர் மாதிரி பேசுவேன், அவளோடு பேசும்போது அவள் மாதிரி. இரண்டும் எனக்குப் பிடிக்கும், ஆனால் மனசுக்கு நெருக்கம் அவளுடையதுதான்.

திருப்பிச் சொல்லும் பழக்கம் ஒரு முறை என்னை மாட்டியும் விட்டது. மகனுக்குக் காய்ச்சல், சுகாதார மையத்துக்குக் கூட்டிப் போயிருந்தேன். செவிலியர் “தேவ் ஃபெப்ர?” என்று கேட்டார். காய்ச்சல் இருந்ததா? ‘தைம்’ என்று கேட்டால் ‘தெஞ்ஞு’ என்று ஆளை மாற்றிச் சொல்லிப் பழகியிருந்தேனே, அதே வேகத்தில் “தீவ்” என்றேன். “எனக்கு இருந்தது” என்று அர்த்தம். அவர் மகனை விட்டுவிட்டு வெப்பமானியை என் நெற்றிக்கு நேராகப் பிடித்தார். ‘தீவ்’ நான், ‘தேவ்’ அவன். ஒரு உயிரெழுத்துதான் வித்தியாசம். “அவன், அவன்” என்று கையைக் காட்டிச் சரிசெய்தேன். அவரும் பொறுமையாக இரண்டையும் இரண்டு முறை சொல்லிக் காட்டினார். அன்றைக்குப் பிறகு அந்த இரண்டும் எனக்குக் குழம்பியதே இல்லை.

இந்த வினையிலேயே எல்லோரும் பயந்தது ‘திவேர்’ என்ற வடிவத்துக்குத்தான். ‘இருந்தால்’ என்று இனி நடக்கப்போவதைச் சொல்ல அது வேண்டும். ஆசிரியை வழி சொன்னார்: அவர்களுக்கு இருந்தது என்பதற்கு வரும் இறந்தகால வடிவமான ‘திவேரம்’ என்பதை எழுதுங்கள், கடைசி ‘அம்’மை எடுங்கள், மீதி ‘திவேர்’. நாளைக்கு நடப்பதற்கு எதற்கு நேற்றைய வடிவம் என்று வகுப்பில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. நான் மட்டும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். இருந்தேன், இருந்தால். வந்தேன், வந்தால். செய்தேன், செய்தால். “நாளைக்கு மழை பெய்தால்” என்று சொல்லும்போது நாமும் இறந்தகால அடியைத்தானே எடுக்கிறோம்! பிறந்ததிலிருந்து பேசிக்கொண்டிருக்கிறேன், ஒரு நாளும் கவனித்ததில்லை. உறவே இல்லாத இரண்டு மொழிகள் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. கை தூக்கி, தெரிந்த அரைகுறைப் போர்த்துக்கீசில் அதைச் சொன்னேன். ஆசிரியை தமிழ் எழுத்தில் ‘இருந்தால்’ என்று பலகையில் எழுதச் சொன்னார். 1554இல் இதே லிஸ்பனில் தமிழ் வாசகங்களை ரோமன் எழுத்தில் போட்டு ஒரு சிறு ஜெபநூல் அச்சடித்திருக்கிறார்கள் என்று பிற்பாடு படித்தேன். அதற்கும் என் பலகை எழுத்துக்கும் சம்பந்தம் இல்லை, இருந்தாலும் படித்தபோது அந்தப் பலகைதான் ஞாபகம் வந்தது.

தெரிந்துகொண்டாலும் வாயில் வர நாளானது. எங்கள் கடைக்குத் தினமும் சாயங்காலம் ஒரு வயதான அம்மா வருவார். நடை தளர்ந்தவர், சக்கரம் வைத்த பையை இழுத்துக்கொண்டு வந்து, கண்ணாடிக்குள் பார்க்காமலே “தைம் ப்ரோவ?” என்பார். ப்ரோவ என்பது மக்காச்சோள மாவு சேர்த்துச் சுட்ட கனமான ரொட்டி. அன்றைக்குக் கடைசி ரொட்டி ஐந்து நிமிடம் முன்னால்தான் போனது. “தீஞ்ஞ” என்றேன். இருந்தது, இப்போது இல்லை. அவர் தலையாட்டிவிட்டுப் பையைத் திருப்பினார். வெறும் கையோடு அனுப்ப மனசு வரவில்லை.

“ஸெ அமஞ்ஞா திவேர், குவார்து-ல்ய ஊம.” நாளைக்கு இருந்தால் உங்களுக்கு ஒன்று எடுத்து வைக்கிறேன்.

யோசிக்காமல் வந்த வாக்கியம். சொல்லி முடித்த பிறகுதான் நான் சொன்னது என் காதில் விழுந்தது. அந்த அம்மா நின்று, திரும்பி, கவுன்டரில் கையை ஊன்றிக்கொண்டு சொன்னார்:

“அப்படியென்றால் இரண்டாக எடுத்து வை, பெண்ணே.”