கம்மி பட்ஜெட்ல ஹோம் தியேட்டர், நம்ம காரைக்குடி வீட்டுக்கு

ஸ்பீக்கர் வாங்கணும்னு யாரு கேட்டாலும் நான் மொதல்ல கேக்குறது பட்ஜெட் இல்ல, எந்த ரூம்ல வைக்கப்போறீங்கன்னுதான். நம்மூரு பழைய வீடுன்னா கீழ ஆத்தங்குடி கல்லு, சுவரு முட்டைவெள்ளை கலந்து இழைச்ச வழவழப்பு, மச்சு அம்புட்டு ஒசரம், சவுண்டு பட்டுப் பட்டுத் திரும்பி வந்து டயலாக்கே புரியாது, அங்க லட்ச ரூபா செட்டு வெச்சாலும் வேலைக்காகாது. தரையில கெட்டி ஜமுக்காளம், ஜன்னலுக்குக் கனமான திரை, மொதல்ல இத பண்ணுங்க.

அப்புறம், காசு கம்மின்னா குட்டி குட்டியா அஞ்சு ஸ்பீக்கர் வர்ற 5.1 செட்ட விட நல்ல புக்ஷெல்ஃப் ஸ்பீக்கர் (அலமாரில வைக்கிற அளவு ஸ்பீக்கர்) ரெண்டும் ஒரு ஏவி ரிசீவரும் (டிவி, ப்ளேயர் சவுண்ட வாங்கி ஸ்பீக்கருக்குப் பிரிச்சு அனுப்புற ஆம்ப்ளிஃபயர் பெட்டி) வாங்குறதுதான் நல்லது, மத்தத கைல காசு வர வர சேத்துக்கலாம். அடுத்து சென்டர் ஸ்பீக்கர் (டிவிக்குக் கீழயோ மேலயோ நடுவுல வைக்கிறது) வாங்குங்க, ஏன்னா படத்துல பேச்சு பெரும்பாலும் அதுலதான் வருது, எங்க ஆச்சி இப்பல்லாம் "சத்தத்தக் கூட்டுப்பா"ன்னு சொல்றதே இல்ல. பழைய ரிசீவர் வாங்குனா ஹெச்டிஎம்ஐ ஏஆர்சி இருக்கான்னு பாத்துக்கங்க, டிவிக்குப் படம் போற அதே கேபிள்லயே டிவி சவுண்டும் ரிசீவருக்குத் திரும்பி வந்துரும்.

ட்வீட்டர் (ஸ்பீக்கர்ல கீச்சு சத்தம் வர்ற சின்ன வட்டம்) உக்காந்தா காது ஒசரத்துக்கு இருக்கணும். சப்வூஃபர (பாஸ்ங்குற அடி சத்தத்துக்குன்னே இருக்குற பெட்டி) எங்க வைக்கிறதுன்னு கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு, அத நீங்க உக்கார்ற சோஃபா மேல வெச்சு பாட்டப் போட்டுட்டு சுவரோரமா குனிஞ்சு நடந்து பாருங்க, எங்க பாஸ் சீரா கேக்குதோ அங்கயே வெச்சுருங்க. க்ராஸ்ஓவர் (எந்த அளவுக்குக் கீழ உள்ள சத்தம் சப்வூஃபருக்குப் போகணும்ங்குற செட்டிங்) 80 ஹெர்ட்ஸ்ல ஆரம்பிங்க.