கோலி சோடாவுக்கு ஒரு 30 நொடி விளம்பரம்: எழுதி, எடுத்து, வெட்டிய விதம்

கோலி சோடா பாட்டிலைத் திறந்தால் திறந்ததுதான். உள்ளே போன கோலியை மேலே கொண்டுவந்து மறுபடி அடைக்கக் கடையில் யாராலும் முடியாது. அதனால் ஒரு டேக்குக்கு, அதாவது ஒரு முறை எடுப்பதற்கு, ஒரு பாட்டில் என்பதுதான் இந்த விளம்பரத்தின் முதல் கணக்கு. விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) மாணவர் குழுவாக 30 நொடி விளம்பரம் எடுக்கப் பொருள் தேடும்போது நாங்கள் இதைத் தேர்ந்தெடுத்ததற்கும் அதுவே காரணம். இஷ்டத்துக்கு டேக் எடுக்க வழியில்லாத பொருள், முதலில் காகிதத்தில் யோசிக்க வைக்கும்.

இங்கிலாந்தில் ஹிராம் காட் 1872இல் காப்புரிமை பெற்ற பாட்டில் வடிவம் இது. உள்ளே இருக்கும் வாயு கோலியைக் கழுத்து ரப்பர் வளையத்தோடு அழுத்திப் பிடிக்கிறது. கட்டைவிரலால் அழுத்தினால் வாயு வெளியேறும், கோலி கீழே விழும், அந்தச் சத்தம் கேட்கும். விளம்பரத்துக்கு வேண்டியது அந்த ஒரு நொடி. மீதி 29 நொடியையும் அதைச் சுற்றிக் கட்ட வேண்டும் என்று முதல் நாளே முடிவு செய்தோம். மாணவர் விளம்பரங்கள் பெரும்பாலும் சறுக்குவது இந்த இடத்தில்தான். முதலில் ஒரு கதையை எழுதிவிட்டு, கடைசி 5 நொடியில் பொருளைக் கொண்டுவந்து வைப்பார்கள். கதை நன்றாகவே இருந்தாலும் பொருள் நினைவில் நிற்காது.

எங்கள் கரு இவ்வளவுதான்: மே மாத மதியம், பேருந்து நிறுத்தத்தை ஒட்டிய பெட்டிக்கடை. ஹாரன், கண்டக்டர் விசில், செல்போன் பேச்சு என்று ஒரே இரைச்சல். ஒரு பெண் வந்து "அண்ணாச்சி, ஒரு சோடா" என்கிறாள். கோலி விழுந்து சோடா உடைகிறது. அந்த நொடியில் உலகமே அமைதியாகிவிடுகிறது. அவள் குடித்து முடித்ததும் இரைச்சல் திரும்பி வருகிறது. கடைசியில் பாட்டில், மேலே ஒரு வரி: "சத்தத்தை அடக்கும் ஒரு சத்தம்."

எழுதும்போது நொடிகளையும் பக்கத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். 0 முதல் 9 வரை இரைச்சல், 9 முதல் 14 வரை கேட்பதும் எடுப்பதும், 14இல் உடைப்பு, 18 வரை அமைதி, 23 வரை குடிப்பது, 25 வரை திரும்பும் இரைச்சல், மீதி 5 நொடி பாட்டிலும் வாசகமும். பின்னணிக் குரல் வைப்பதாக இருந்தால் 30 நொடிக்குத் தமிழில் 40 சொல்லைத் தாண்டாதீர்கள். நம் சொற்கள் நீளமானவை. விகுதியும் வேற்றுமையும் ஒட்டிக்கொண்டு ஒவ்வொன்றும் இரண்டு மூன்று ஆங்கிலச் சொல்லின் இடத்தைப் பிடிக்கும். ஸ்டாப் வாட்சைப் பிடித்துக்கொண்டு உரக்கப் படித்துப் பார்ப்பது ஒன்றே சோதனை. மனதுக்குள் படித்தால் எப்போதும் சீக்கிரம் முடிந்துவிடும்.

வாசகத்தில் இன்னொரு எச்சரிக்கை. "செரிமானத்துக்கு நல்லது", "வெயிலுக்கு மருந்து" மாதிரி எதையும் எழுதாதீர்கள். உணவுப் பொருளுக்கு உடல்நலப் பலன் சொன்னால் அதற்கு ஆதாரம் காட்ட வேண்டும். 1985இல் தொடங்கிய இந்திய விளம்பரத் தர நிர்ணய மன்றத்தின் நெறிமுறைகளில் உண்மைத்தன்மைதான் முதலில் வருகிறது. வகுப்புக்குத்தானே என்று விட்டால், பிறகு அதே கை வேலைக்குப் போன இடத்திலும் அப்படியே எழுதும்.

பாட்டில் கணக்கு இப்படி. உள்ளூர் சோடா கம்பெனியில் 24 பாட்டில் கொண்ட கிரேட் இரண்டு, மொத்தம் 48. தூர ஷாட்டில் உடைப்பதற்கு 6, கட்டைவிரல் க்ளோசப்புக்கு 10, ஸ்லோ மோஷனுக்கு 10, ஒலிப்பதிவுக்கு மட்டும் 12, குடிக்கும் ஷாட்டுக்கும் கடைசி பாட்டில் ஷாட்டுக்கும் 6, கைவசம் 4. ஷாட் லிஸ்ட்டில் மொத்தம் 22 ஷாட். ஒவ்வொன்றுக்கும் எதிரே பாட்டில் எண்ணிக்கை, குளிர்ந்ததா குளிராததா என்ற குறிப்பு.

குளிர்ச்சிக் குறிப்புக்குக் காரணம் உண்டு. குளிர்ந்த சோடாவில் வாயு நீரிலேயே கரைந்து நிற்கும். அழுத்தம் குறைவு, சத்தமும் மந்தம். அறை வெப்பநிலையில் இருப்பது பலமாக உடையும், நுரையும் பொங்கும். ஆகவே ஒலிக்குக் குளிராத பாட்டில், படத்துக்குக் குளிர்ந்தது. வண்டியில் குலுங்கி வந்த கிரேட்டை ஒரு மணி நேரமாவது அசையாமல் வையுங்கள், இல்லாவிட்டால் நுரை சட்டையில்தான். வெயிலில் மட்டும் வைக்கவே கூடாது. அழுத்தம் ஏறிய கண்ணாடி வெடித்தால் காயம் கண்ணில். ஈரத் துணி போர்த்தி நிழலில் வையுங்கள். க்ளோசப்பில் கேமராவுக்குப் பின்னால் இருப்பவர் கண்ணுக்குக் கண்ணாடி போட்டிருப்பது நல்லது.

லொகேஷன் பார்க்கப் போகும்போது படம் எடுக்கப்போகும் அதே நேரத்தில் போங்கள். பெட்டிக்கடையின் சிக்கல் வெளிச்ச வித்தியாசம்: உள்ளே இருட்டு, வெளியே கண்ணைக் குத்தும் தெரு. முகத்துக்கு ஒளியளவை வைத்தால் தெரு வெளுத்துப்போகும். தெருவுக்கு வைத்தால் அண்ணாச்சி நிழலாகிவிடுவார். கதை மதியத்தில் நடந்தாலும் நாங்கள் எடுத்தது காலை 7 முதல் 9:30 வரை. கடை முகப்பு நிழலில் இருக்கும் நேரம் அது. எதிரே 4 அடிக்கு 3 அடி தெர்மாகோல் அட்டையைப் பிடித்து முகத்துக்கு வெளிச்சம் திருப்பினோம். மதியம் என்ற உணர்வைச் செருப்பைத் தூக்கி வைக்கும் கால், ஈரத் துண்டு, குடையாகும் நோட்டுப் புத்தகம் ஆகிய மூன்று சின்ன ஷாட்டுகள் கொடுத்துவிடும்.

கடைக்காரரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள், நடிப்பவர்களிடமும். 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் கையெழுத்து. ரயில் நிலையம் மாதிரி இடம் என்றால் ரயில்வேயின் முன் அனுமதி இல்லாமல் டிரைபாடை விரிக்க முடியாது. சட்டகத்துக்குள் தொங்குவதையும் பாருங்கள். பெட்டிக்கடை என்றாலே சிகரெட் அட்டைகள், பிற கம்பெனிப் பெயர்கள். புகையிலை விளம்பரத்தை 2003ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. அண்ணாச்சியிடம் கேட்டு அவற்றை எடுத்துவிட்டு வாழைத்தாரும் கடலை மிட்டாய் பாட்டிலும் வைத்தோம். அவற்றை அகற்றும் முன்பே போட்டோ எடுத்துக்கொண்டால் திரும்ப அப்படியே அடுக்கிக் கொடுக்கலாம்.

கேமரா என்று பெரிதாக ஒன்றும் தேவையில்லை, ஒரு நல்ல செல்போன் போதும். ஆனால் தானியங்கியாக விடக் கூடாது. பிளாக்மேஜிக் கேமரா செயலி இலவசம். அதில் ஷட்டர், வெள்ளைச் சமநிலை, குவியம் மூன்றையும் பூட்டலாம். நொடிக்கு 25 ஃபிரேம் (தனித்தனிப் படம்), ஒவ்வொன்றுக்கும் ஒளி விழும் நேரமான ஷட்டர் 1/50 நொடி. இந்தியாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், டியூப் லைட் நொடிக்கு 100 முறை துடிக்கும். 30 ஃபிரேம், 1/60 என்று வைத்தால் கடைக்குள் எடுத்த படத்தில் பட்டை பட்டையாகக் கோடு ஓடும். அது எடிட்டிங்கில் எளிதில் போகாது. வெயிலில் 1/50 வைத்தால் படம் வெளுக்கும் என்பதால் லென்சின் மேல் மாட்டி வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டர் வேண்டும். வெள்ளைச் சமநிலையை 5600 கெல்வினில் பூட்டி, டியூப் லைட்டை அணைத்துவிடுங்கள். இரண்டு நிற வெளிச்சம் கலந்தால் முகம் ஒரு பக்கம் பச்சை, ஒரு பக்கம் மஞ்சள்.

ஸ்லோ மோஷனை 120 ஃபிரேமில் எடுத்து 25இல் ஓட்டினால் 4.8 மடங்கு மெதுவாகும். கால் நொடிகூட எடுக்காத உடைப்பு ஒரு நொடிக்கு மேல் நீளும். அதற்கு 1/240 ஷட்டர் வேண்டும், அதாவது ஏராளமான வெளிச்சம். நேரடி வெயில் மட்டுமே இதற்குச் சரி.

கண்ணாடிப் பாட்டிலைப் படமெடுக்கும்போது வெளிச்சம் பின்னாலிருந்து வர வேண்டும். முன்னாலிருந்து அடித்தால் உங்கள் முகமும் செல்போனும்தான் பாட்டிலில் தெரியும். சாதாரண முகக்கண்ணாடி ஒன்றை மூன்று மீட்டர் தள்ளி வைத்து வெயிலைப் பாட்டிலுக்குப் பின்னால் திருப்பினோம். இடையில் டிரேசிங் பேப்பர் ஒட்டிய சட்டம். பாட்டிலின் இருபுறமும், சட்டகத்துக்குச் சற்று வெளியே, கறுப்புச் சார்ட் துண்டுகள். அந்தக் கறுப்புதான் கண்ணாடி விளிம்பில் கோடாக விழுந்து பாட்டிலின் வடிவத்தை வரைகிறது. அதை எடுத்துவிட்டுப் பாருங்கள், பாட்டில் பின்புலத்தில் கரைந்துபோகும்.

முத்து முத்தான நீர்த்துளிகளுக்குக் கிளிசரினும் தண்ணீரும் சரிபாதி, ஸ்பிரே பாட்டிலில். உண்மையான பனித்துளி ஐந்து நிமிடத்தில் வழிந்து கோடாகிவிடும். கிளிசரின் துளி அப்படியே நிற்கும். மருந்துக் கடையில் 100 மில்லி வாங்கினால் போதும். ஆனால் குடிக்கும் ஷாட்டில் வெறும் தண்ணீர் மட்டும். கிளிசரின் பூசியதை வாயில் வைக்கவே கூடாது. குடிக்கும்போது கழுத்திலுள்ள பள்ளம் கீழ்ப்பக்கம் இருக்கும்படி சாய்க்கச் சொல்லுங்கள். கோலி அதில் தங்கும், சோடா தடையில்லாமல் வரும். தெரியாமல் சாய்த்தால் கோலி வாயை அடைக்கும், நடிப்பவர் தடுமாறுவது முகத்தில் தெரியும்.

ஒலிக்குத் தனியாக ஒரு அரை நாள். படப்பிடிப்பில் பதிவாகும் உடைப்புச் சத்தம் பயன்படாது: செல்போன் திடீர்ச் சத்தத்தைத் தானாகவே அமுக்கிவிடும், அதற்குப் பின் வரும் நுரைச் சத்தமும் சேர்ந்து அமுங்கும். மின்விசிறி, குளிர்சாதனப் பெட்டி இரண்டையும் நிறுத்திய அறையில், தரையில் போர்வை விரித்து, மைக்கை 30 செ.மீ. தள்ளி, நீர் தெறிக்காத பக்கமாக வைத்து, 48 கிலோஹெர்ட்ஸில் பதிந்தோம். உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாதபடி. 12 பாட்டிலில் 3 தேறியது. நுரை சீறும் ஒலிக்கு மைக் 5 செ.மீ. அருகில். கூடவே வெறும் அறையின் அமைதி 30 நொடி, கடை வாசலின் சத்தம் 2 நிமிடம். இந்த இரண்டையும் எடுக்காமல் வந்துவிடுவது மாணவர் குழுக்களின் பொதுவான தவறு.

கோப்புகளை வாட்ஸப்பில் வீடியோவாக அனுப்பாதீர்கள், அமுக்கித் தேய்த்துவிடும். கேபிள் வழியாக இரண்டு இடத்தில் நகல். நொடிக்கு 50 மெகாபிட் பதிவு என்றால் நிமிடத்துக்கு 375 எம்பி. 40 நிமிடத்துக்கு 15 ஜிபி. செல்போனின் சாதாரணக் கேமராவில் எடுத்த ஷாட் ஏதும் இருந்தால் அதன் ஃபிரேம் வேகம் நிலையாக இருக்காது, டைம்லைனில் உதடும் குரலும் மெல்ல மெல்ல விலகும். ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் நிலையான 25 ஃபிரேமுக்கு மாற்றிவிட்டுப் பிறகு வெட்டுங்கள்.

டாவின்சி ரிசால்வ் எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பில் வெட்டினோம். படத்தைத் தொடும் முன் ஒலியை மட்டும் அடுக்கினோம்: 14ஆம் நொடியில் உடைப்பு, அதற்கு முன் இரைச்சல், பின் அமைதி. கண்ணை மூடிக் கேட்டுக் கதை புரிந்தால் மட்டும் படம். அமைதி என்பது முழு வெறுமையாக இருக்கக் கூடாது. முற்றிலும் ஒலியற்ற நான்கு நொடி வந்தால் பார்ப்பவர் செல்போன் கெட்டுவிட்டது என்று ஒலியைக் கூட்டுவார். அறையின் அமைதியை மெல்லியதாக விட்டு, மேலே நுரைச் சீறல். உடைப்புக்கு அரை நொடி முன்பிருந்தே இரைச்சலைப் படிப்படியாக 6 டெசிபல் இறக்கினால் காதுக்கு அவ்வளவாகத் தெரியாது, ஆனால் உடைப்பு இன்னும் பெரிதாகக் கேட்கும். இரைச்சலுக்குப் பேருந்து எஞ்சின் உறுமலை நம்ப வேண்டாம். செல்போன் ஸ்பீக்கரில் அந்தத் தாழ்ந்த ஒலி வரவே வராது. விசிலும் ஹாரனும்தான் வேலை செய்யும். இசையே வைக்கவில்லை. சினிமாப் பாட்டை எடுத்துப் போட்டால் யூடியூபில் உரிமைக் கோரிக்கை வரும் என்பது ஒருபுறம். இங்கே இசை வந்தால் அமைதிக்கு இடமே இருக்காது.

முதல் வெட்டு 41 நொடி வந்தது. மிகுதி இருந்ததெல்லாம் வருவதும் போவதும்: பெண் கடைக்கு நடந்து வருவது, அண்ணாச்சி குனிந்து ஐஸ் பெட்டியைத் திறப்பது. அவள் ஏற்கெனவே கடை முன் நிற்பதில் தொடங்கினோம், 8 நொடி மிச்சம். மீதி 3 நொடி செயலின் நடுவே வெட்டியதில் கிடைத்தது: தூர ஷாட்டில் விரல் அழுத்தத் தொடங்கும், க்ளோசப்பில் அழுத்தி முடிக்கும். இரண்டிலும் அதே கை, அதே மோதிரம், பாட்டில் எழுத்து அதே பக்கம் இருக்க வேண்டும். ஷாட்டுக்கு ஷாட் இவை மாறாமல் கவனிக்கும் கன்டின்யுட்டி பார்ப்பவரை வேறு வேலைக்கு அனுப்பாதீர்கள்.

நிறத் திருத்தத்தில் ஒன்றே ஒன்று. இணையத்தில் கிடைக்கும் ஆயத்த நிறக் கோப்பைப் போட்டு நடிப்பவரின் தோலை வெளுக்க வைக்காதீர்கள். வெயிலில் நின்ற முகம் வெயிலில் நின்ற மாதிரியே இருக்கட்டும். அந்த நிறம் அழகானது, பாட்டிலின் பச்சைக்குப் பக்கத்தில் இன்னும் எடுப்பாகத் தெரியும்.

தமிழ் எழுத்து பல எடிட்டிங் மென்பொருள்களில் உடையும். ஒற்றைக்கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் நிற்கும். பிரீமியரில் தெற்காசிய எழுத்துக்கான அமைப்பை முதலில் தேர்ந்தெடுக்க வேண்டும். எங்கும் பிரச்சினை வராத வழி, இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் முக்த மலர் அல்லது நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவில் வாசகத்தை அமைத்துப் பின்புலமில்லாத பி.என்.ஜி. படமாக ஏற்றுவது. நான்கு சொல் வாசகத்துக்குக் குறைந்தது மூன்று நொடி. ஒற்றெழுத்தைப் பார்க்கத் தமிழாசிரியர் ஒருவரிடம் காட்டுங்கள். செங்குத்து வடிவமும் வேண்டும் என்றால் படமெடுக்கும்போதே பாட்டிலை நடு மூன்றிலொரு பாகத்தில் வைத்திருக்க வேண்டும், பின்னால் வெட்டிச் சரிசெய்ய இடமிருக்காது.

இறுதிக் கோப்பு 1920 × 1080, ஹெச்.264 வீடியோ வடிவம், நொடிக்கு 16 மெகாபிட், சரியாக 750 ஃபிரேம். அளவு 60 எம்பி சுற்றி வரும். ஒலியளவு இணையத்துக்கு மைனஸ் 14 எல்.யு.எஃப்.எஸ். (காதுக்குக் கேட்கும் சராசரி ஒலியளவின் அலகு). வகுப்பறைப் புரொஜெக்டரில் முந்தின நாளே ஓட்டிப் பாருங்கள். இருண்ட கடை உட்புறம் அங்கே கறுப்பாகிவிடலாம்.

பாட்டில்கள் சோடா கம்பெனிக்குத் திரும்ப வேண்டும், 48க்கும் டெபாசிட் உண்டு. கிளிசரின் பூசியவற்றைத் தனியாக வைத்து, சோப்பு போட்டு வாய்ப்பகுதிவரை தேய்த்துக் கழுவி, எவை என்று சொல்லிக் கொடுங்கள். அவை மறுபடி நிரம்பி வேறு யாரோ ஒருவர் கைக்குப் போகும்.