பிரிண்டர் கத்தும், பேக்கப் பேசாது

வீடுகளுக்கும், வீட்டோடு இருக்கும் சின்ன ஆபீஸ்களுக்கும் நெட்வொர்க் போட்டுத் தருவது என் பிழைப்பு. கோவையில் எனக்கு வரும் போன்களில் பெரும்பாலானவை பிரிண்டரைப் பற்றியவைதான். "ஏனுங்க தம்பி, மறுபடியும் ஆஃப்லைன்னு காட்டுதுங்க" என்பார்கள், குரலில் அவசரம் தெரியும். பேக்கப் ஓடவில்லை என்று யாரும் கூப்பிட்டதே இல்லை. அந்தப் பக்கத்திலிருந்து போன் வருகிறதென்றால் ஹார்ட் டிஸ்க் ஏற்கெனவே போய்விட்டது என்று அர்த்தம்.

பிரிண்டர் தகராறு அநேகமாகப் பிரிண்டரில் இருக்காது. ரவுட்டர் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு முகவரியைக் கொஞ்ச காலத்துக்குத்தான் கொடுத்து வைக்கிறது. கரண்ட் போய் வந்தால் அந்த வரிசை கலைந்துவிடலாம். நேற்று 192.168.1.7-ல் இருந்த பிரிண்டர் இன்று 12-க்குப் போயிருக்கும், 7-ல் டிவி உட்கார்ந்திருக்கும். கம்ப்யூட்டர் பழைய எண்ணையே தட்டிப் பார்த்துவிட்டு, ஆளில்லை என்று சொல்லிவிடுகிறது. ரவுட்டருக்குள் போய், பிரிண்டரின் மேக் அட்ரஸுக்கு, அதாவது கருவியோடு வரும் அடையாள எண்ணுக்கு, ஒரு முகவரியை நிரந்தரமாக ஒதுக்கிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதி, வீட்டில் இரண்டு ரவுட்டர் இருப்பதால் வருவது. இன்டர்நெட் கம்பெனி ஆள் கேபிள் எட்டிய இடத்தில், அதாவது வாசல் கதவுக்கு மேலே, ஒரு பெட்டியை மாட்டிவிட்டுப் போயிருப்பார். மாடிக்கு சிக்னல் ஏறவில்லை என்று வீட்டுக்காரர் ஆன்லைனில் இன்னொன்று வாங்கிச் செருகியிருப்பார். இப்போது கீழே ஒரு நெட்வொர்க், மேலே ஒரு நெட்வொர்க். ஐபோனும் மேக்புக்கும் பிரிண்டரைத் தேடும் முறையே வேறு. 224.0.0.251 என்ற பொது முகவரிக்கு, 5353-ஆம் போர்ட்டில், "இங்கே பிரிண்டர் யாராவது இருக்கீங்களா" என்று ஒரு கூவல் போடும். அந்தக் கூவல் ரவுட்டரைத் தாண்டாது. ஆப்பிள் கருவிகளிலிருந்து நேரே பிரிண்ட் எடுக்க 2010-ல் வந்த ஏர்பிரிண்ட்டும் இந்தக் கூவலை நம்பித்தான் இருக்கிறது. இரண்டாவது ரவுட்டரை ஆக்சஸ் பாயின்ட் மோடுக்கு, அதாவது தனி நெட்வொர்க் நடத்தாமல் சிக்னலை மட்டும் கொடுக்கும்படி, மாற்றினால் மேல்மாடியும் கீழ்மாடியும் ஒன்றாகிவிடும். இதற்கு முன்னால் அந்த வீட்டில் பிரிண்டரை எத்தனை தடவை அணைத்து அணைத்துப் போட்டிருப்பார்கள் என்பதைக் கேட்காமல் இருப்பதே மரியாதை.

சாய்பாபா காலனியில் ஒரு ஆடிட்டர் வீடு. மாடியில் ஆபீஸ் அறை, கீழே குடும்பம். மகள் ஆர்க்கிடெக்சர் படிக்கிறாள், அவளிடம் மேக்புக். செப்டம்பர் மாதம், டாக்ஸ் ஆடிட் கெடு நெருங்கும் நேரம். "பிரிண்ட் போட்டுட்டிருக்கும்போதே நடுவுல நடுவுல அணைஞ்சு போகுதுங்க தம்பி. மிஷினை மாத்திடலாமுங்களா?" என்று கேட்டார்.

மிஷினில் குறை ஒன்றுமில்லை. மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தேன். ஒரு 600 விஏ யுபிஎஸ். அதில் ரவுட்டர், அதற்குப் பக்கத்தில் நாஸ் பெட்டி (நெட்வொர்க்கில் எல்லாரும் பேக்கப் போடும் பொது ஹார்ட் டிஸ்க்), கடைசி சாக்கெட்டில் லேசர் பிரிண்டர். கரண்ட் போனாலும் பிரிண்ட் வரட்டுமே என்று யாரோ நல்லெண்ணத்தில் செருகியது. லேசர் பிரிண்டருக்குள் தூளைக் காகிதத்தில் உருக்கி ஒட்டவைக்க ஃப்யூசர் என்று ஒரு சூடேற்றும் உருளை உண்டு. அது சூடாகும்போது ஐந்நூறிலிருந்து ஆயிரம் வாட் வரை இழுக்கும். அந்த யுபிஎஸ் தாங்குவதோ சுமார் 360 வாட். ஒரு பக்கம், இரண்டு பக்கம் என்றால் கீச் கீச்சென்று முனகிக்கொண்டு சமாளிக்கும். ஒரு கட்டு ரிப்போர்ட் விட்டால் மொத்தமாகப் படுத்துவிடும். ஆடிட்டர் எழுந்து பட்டனை அமுக்குவார், ரவுட்டர் எழும், பிரிண்டர் எழும், வேலை தொடரும்.

நாஸ் மட்டும் எழவில்லை. கரண்ட் திரும்பியதும் தானாக ஆன் ஆகும்படி அதில் அமைக்கப்படவில்லை. அந்த ஊதா விளக்கு அணைந்திருப்பதை அந்த அறையில் யாரும் பார்க்கவில்லை, பார்க்க வேண்டிய தேவையும் அவர்களுக்கு வரவில்லை. ஆன் செய்து லாகைப் படித்தேன். ஆகஸ்ட் கடைசியில் ஒரு நாள் மதியத்தோடு எல்லாம் நின்றிருந்தது. அதுவரை யாரோ அதன் பட்டனையும் அமுக்கி எழுப்பியிருக்க வேண்டும், ஏனென்றால் முந்தைய வரிகளிலும் "முறையின்றி நிறுத்தப்பட்டது" என்ற பதிவு திரும்பத் திரும்ப வந்தது. அந்த நேரங்களைப் பிரிண்டரின் வேலைப் பட்டியலோடு வைத்துப் பார்த்தால், அதுவரை பெரிய பிரிண்ட் அடித்த ஒவ்வொரு மதியமும் அதில் இருந்தது.

பிரிண்டர் பிளக்கைச் சுவருக்கு மாற்ற ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பேக்கப்பைத் திரும்ப ஓட வைக்கத்தான் அன்றைய பொழுது போயிற்று.

மகளின் மேக்கில், மேக்கோடு வரும் டைம் மெஷின் என்ற பேக்கப் வசதி, நாஸ் நிற்கும்வரை வைஃபை வழியாக அதற்கு ஓடிக்கொண்டிருந்தது. கடைசி 24 மணி நேரத்துக்கு மணிக்கொன்று, போன ஒரு மாதத்துக்கு நாளுக்கொன்று, அதற்கு முந்தியதற்கு வாரத்துக்கொன்று என்று பிரதி வைத்துக்கொள்ளும் நல்ல ஏற்பாடு அது. ஆனால் எழுதிக்கொண்டிருக்கும்போதே எதிர்ப்பக்கம் டிஸ்க் அணைந்தால் அந்தப் பிரதி கெட்டுப்போகலாம். அப்போது மேக், நம்பகத்துக்காகப் புதிதாக ஆரம்பிக்கப் போகிறேன் என்று பணிவாக ஒரு செய்தி காட்டும். பணிவைப் பார்த்து ஏமாறக் கூடாது. பழைய மாதங்கள் எல்லாம் போயிற்று என்பதைத்தான் அது அப்படிச் சொல்கிறது. இவளுக்கும் அந்தச் செய்தி வந்தது.

முதல் பேக்கப்பை நான் வைஃபையில் விடுவதில்லை. அவளிடம் 400 ஜிபி இருந்தது. இந்த ஊர் செங்கல் சுவர் இரண்டைத் தாண்டி வரும் வைஃபையில் நொடிக்கு 5 எம்பி கிடைத்தால் 22 மணி நேரம் ஆகும், அதுவும் லேப்டாப்பை மூடாமல் வைத்திருந்தால். கிகாபிட் கேபிளில் நொடிக்கு 100 எம்பி போனால் ஒரு மணி நேரம் சொச்சம். அதற்குப் பிறகு அன்றாடம் மாறுவது கொஞ்சம்தான், அதை வைஃபை பார்த்துக்கொள்ளும். நாஸ் எப்போதும் ரவுட்டரோடு கேபிளில்தான் இருக்க வேண்டும். வைஃபையில் இருக்கும் இன்னொரு கம்ப்யூட்டரில் டிஸ்க்கை மாட்டிப் பகிர்ந்தால் ஒவ்வொரு பைட்டும் காற்றில் இரண்டு முறை பயணம் செய்யும், வேகம் பாதியாகும். ஒயர்லெஸ் பேக்கப் வேண்டும் என்று கேட்பவர் வீட்டில் நான் முதலில் கேபிள் இழுப்பது இதனால்தான். வீட்டம்மாக்களுக்குச் சுவரில் ஒயர் ஓடுவது பிடிக்காது. சண்டை பெரும்பாலும் அங்கேதான்.

அந்த வீட்டில் முன்பு பழைய ரவுட்டரின் யுஎஸ்பியில் ஒரு டிஸ்க் மாட்டிப் பகிர்ந்திருந்தார்களாம், ஒருநாள் விண்டோஸில் காணாமல் போய்விட்டதாம். நெட்வொர்க்கில் ஃபைல் பகிரும் எஸ்எம்பி முறையில், ரவுட்டருக்கு ஒன்றாம் பதிப்பைத் தவிர வேறு தெரியாது என்றால் அப்படித்தான் ஆகும். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற ரான்சம்வேர், அதாவது ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ், பரவியது அந்தப் பதிப்பின் ஓட்டை வழியாக. அந்த ஆண்டின் பிற்பகுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து அதைக் கழற்றிவிட ஆரம்பித்தார்கள். அதைத் திரும்ப ஆன் செய்தால் டிஸ்க் தெரியும் என்று வீடியோ போடுகிறார்கள். தெரியும்தான், நான் செய்து தருவதில்லை.

ஆடிட்டருக்கு டேலி என்ற கணக்கு சாஃப்ட்வேரின் டேட்டா. டேலி திறந்திருக்கும்போது எடுத்த நகலை நான் நம்புவதில்லை. அதனால் ராத்திரி மூடிய பிறகு ஓடும்படி வைத்தேன். நாஸில் எழுதும் உரிமையைப் பேக்கப்புக்கென்று தனிக் கணக்கு ஒன்றுக்கு மட்டும் கொடுத்தேன். லேப்டாப்பில் எந்நேரமும் திறந்து கிடக்கும் டிரைவாக இருந்தால் ரான்சம்வேர் அதையும் சேர்த்தே பூட்டிவிடும். ஒரு யுஎஸ்பி டிஸ்க் பீரோவில், ஞாயிறன்று மட்டும் வெளியே வரும்.

காசு வாங்குமுன் நான் ஒன்று செய்வேன். "உங்களுக்கு முக்கியமான ஃபைல் ஒண்ண நீங்களே அழிச்சிடுங்க சார், திரும்ப எடுத்துக் காட்டறேன்."

"அழிக்கட்டுங்களா?"

"அழிங்க சார்."

ஒரு கிளையன்ட்டின் எக்செல் ஷீட்டைத் தேர்ந்தெடுத்தார். அழிப்பதற்கு முன் மேஜை டிராயரைத் திறந்து ஒரு பென் டிரைவை எடுத்துச் செருகி, அதில் ஒரு காப்பி போட்டுக்கொண்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். ஷீட் திரும்பி வந்ததும், அவரே ஒவ்வொரு வரிசையாக மவுஸை ஓட்டிக் கூட்டுத்தொகையைச் சரிபார்த்தார். ஆடிட்டர் அல்லவா.

பேக்கப் கெட்டால் மெயில் அனுப்பு என்று வைப்பதுதான் வழக்கம். செத்துக் கிடக்கும் பெட்டி மெயில் அனுப்பாது என்பது அந்த வீட்டிலேயே தெரிந்துவிட்டது. அதனால் ஞாயிறுதோறும் "நன்றாக ஓடியது" என்று ஒரு மெயில், எனக்கும் ஒரு பிரதி. வராவிட்டால் திங்கட்கிழமை நான் கூப்பிடுவேன்.

தைக்கு முன்னால் ஒரு ஞாயிறு வரவில்லை. கூப்பிட்டேன்.

"வீட்டுக்கு வெள்ளையடிக்கறாங்க தம்பி, எல்லாத்தையும் கழட்டி மூட்டை கட்டி வெச்சிருக்கோமுங்க."

"பிரிண்டருங்க சார்?"

"அத மட்டும் ஹால்ல மாட்டிட்டமுங்க. பாப்பாவுக்கு பிராஜெக்ட் இருக்குதல்ல."